தரையிறக்கத்தைக் கண் பழகிய கதை

விமானப் பயிற்சியில் புறப்பாடு எனக்கு விரைவிலேயே கைவந்துவிட்டது. இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் திறந்து, மூக்கு இடப்பக்கம் இழுக்கும்போது, மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடரின் மிதியை வலது காலால் அழுத்தி, ஏறத்தாழ 55 நாட் (மணிக்குச் சுமார் 100 கி.மீ.) வேகத்தில் யோக்கை, அதாவது கைச்சுக்கானை, மெல்லப் பின்னிழுத்தால் செஸ்னா 172 என்ற சிறு விமானம் தானே எழும்பிவிடும். தரையிறக்கம் அப்படி வசப்படவில்லை; அதைக் கைக்குப் பழக்குவதற்கு முன் கண்ணுக்குப் பழக்க வேண்டியிருந்தது.

ஓடுதளத்தை நோக்கி நேராக இறங்கும்போது வேகத்தை 65 நாட் அளவில் வைத்திருக்க வேண்டும். வேகத்தை மூக்கின் சாய்வாலும் இறங்கும் வீதத்தை இன்ஜின் விசையாலும் கட்டுப்படுத்தும்படி என் பயிற்றுநர் சொன்னபோது, எல்லாமே தலைகீழாக இருப்பதாகத் தோன்றியது. உயரம் குறைந்துவிட்டதே என்று பதறி மூக்கைத் தூக்கினால் வேகம் விழுமே தவிர, ஓடுதளம் அருகில் வராது. அவர் கற்றுத்தந்த அடையாளம் எளிமையானது: இறங்க நினைக்கும் புள்ளி முன்கண்ணாடியில் மேலே நகர்ந்தால் அதை எட்டமாட்டோம், கீழே நகர்ந்தால் தாண்டிவிடுவோம், அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியாகப் போய்ச் சேருவோம்.

கடைசிச் சில அடிகள்தாம் உண்மையான பாடம். மூக்குக்கு நேர் முன்னே உள்ள தரையைப் பார்த்தால் அது மங்கலாக ஓடி, உயரத்தைக் கணிக்க விடாமல் செய்துவிடும். பார்வையை ஓடுதளத்தின் மறுகோடிப் பக்கம் உயர்த்திய பிறகே விமானம் அமிழ்வதை ஓரக்கண் உணர்கிறது. ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரையுள்ள அகலம், அதாவது சுமார் 11 மீட்டர் உயரத்துக்குள் வந்ததும், தரையின் அருகாமையால் காற்றின் இழுவை குறைவதால், கூடுதலாகக் கொண்டுவந்த ஒவ்வொரு நாட் வேகமும் விமானத்தை மிதக்கவைத்து ஓடுதளத்தைத் தின்றுவிடுகிறது. “இறக்கப் பார்க்காதீர்கள், இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள், அது தானாக இறங்கும்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இடது இறக்கையின் முன்விளிம்பில் உள்ள சிறு துளையிலிருந்து ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கைகள் தூக்கும் திறனை இழக்கும் நிலை) எச்சரிக்கை ஊதல் மெல்ல முனகத் தொடங்கும் வேளையில் பின்சக்கரங்கள் தொட்டால், அது நல்ல தரையிறக்கம். (புறப்படும் முன் அந்தத் துளையின் மேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சி ஊதலைச் சோதிக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அது விமானத்தை முத்தமிடுவதுபோல் தெரியும்.)

முதல் தனிப்பறப்பு இதையெல்லாம் சற்றே மாற்றியது. பயிற்றுநர் இறங்கிக்கொண்டதால் எடை குறைந்து, விமானம் வழக்கத்தைவிட விரைவாக ஏறியது. ஓடுதளத்தைச் சுற்றிவந்து இறங்கும் சுற்றுப்பாதையின் 1,000 அடி உயரத்தை எதிர்பார்த்ததற்கு முன்பே எட்டிவிட்டேன். பயத்தைவிட வேலைதான் அதிகமாக இருந்தது என்பதே உண்மை. வலப்பக்க இருக்கை காலியாக இருந்ததைக்கூட ஓடுதளத்தை விட்டு வெளியேறிய பிறகே நன்றாகப் பார்த்தேன்.

இப்போது குறுக்குக் காற்றில் பயிற்சி நடக்கிறது. காற்று வரும் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரடரால் மூக்கை ஓடுதளத்துக்கு நேராக வைத்து, ஒற்றைச் சக்கரத்தில் முதலில் தொட வேண்டும். கால்கள் ஒன்று சொல்ல, கைகள் வேறொன்று செய்யும் இந்த வித்தையைப் பழகியவர்கள், காற்று திடீரென வலுக்கும்போது எந்தக் கட்டத்தில் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுகிறீர்கள் என்பதை எழுதினால் உதவியாக இருக்கும்.