வாய்வழி கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி: எங்கே, எப்போது செய்யப்பட்டது?

கேள்வி

குடும்பப் பொருட்களோடு என்னிடம் வந்து சேர்ந்த பழைய துப்பாக்கி ஒன்றை இனங்காண உதவி வேண்டுகிறேன். குழலின் வாய் வழியாகக் கருமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் கெட்டித்து, கேப்பின் (அடிபட்டால் தீப்பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) மேல் குதிரை எனப்படும் சுத்தி அடித்து வெடிக்கும் வகை அது. குழலின் நீளம் 76 செ.மீ.; வாயின் உள்விட்டம் 14 மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவாக இருக்கிறது. குதிரை பொருத்திய பக்கத் தகட்டில், ஓடும் நாய் ஒன்றை அவசர அவசரமாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பின்னங்கால்கள் முழுமை பெறவே இல்லை. குழலின் மேல் ‘லண்டன்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எழுத்து இல்லை. இது இங்கிலாந்தில் செய்யப்பட்டதுதானா? எந்தக் காலத்தைச் சேர்ந்தது?

முதல் பதில்

‘லண்டன்’ என்ற சொல்லை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றுமதிக்கென்று மலிவாகச் செய்யப்பட்ட துப்பாக்கிகளில் அந்த ஊரின் பெயரைப் பொறிப்பது வாடிக்கையாக இருந்தது. புகழ்பெற்ற ஆங்கிலேயக் கைவினைஞர்களின் பெயரைச் சற்றே திரித்துப் பொறித்தவர்களும் உண்டு. பர்மிங்ஹாமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸை நினைவூட்டும்படி ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறிக்கப்பட்ட பெல்ஜியத் துப்பாக்கிகள் ஏராளமாக விற்கப்பட்டன.

மேல்பக்கம் விற்பவருக்காக எழுதப்பட்டது. உண்மை குழலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆப்பை மெல்லத் தட்டி எடுத்துவிட்டு வாய்ப்பக்கத்தைத் தூக்கினால், பின்முனைக் கொக்கி விடுபட்டுக் குழல் தனியாக வந்துவிடும். எண்ணெயில் நனைத்த துணியால் அடிப்பகுதியைப் பொறுமையாகத் துடையுங்கள். உப்புத்தாளைத் தொடவே கூடாது, அது முத்திரைகளை அழித்துவிடும். குழலின் வலிமையைச் சோதிக்கும் பர்மிங்ஹாம் அல்லது லண்டன் சோதனைச் சாலையில் தேறிய குழலாக இருந்தால் கிரீடத்தோடு கூடிய முத்திரைகள் இருக்கும். நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளும் கீழே ஒரு விண்மீனும் இருந்தால், அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை.

உங்கள் அளவு ஏறக்குறைய 28 போர் (bore, குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் கணக்கு). ஒரு பவுண்டு ஈயத்தை 28 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் 14 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். போர் என்ற கணக்கே இப்படிப் பிறந்ததுதான். 12 போர் துப்பாக்கியின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால், உங்களுடையது எவ்வளவு குறைந்த மருந்தையும் ரவையையும் கேட்கும் என்பது புரியும்.

இரண்டாம் பதில்

ஆப்பைத் தட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. குழலுக்குள் பழைய மருந்து கிடக்கிறதா என்று பாருங்கள். குதிரையின் கீழ் கேப் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, வாய்க்கு எதிரே முகத்தைக் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியை உள்ளே தடைபடும் வரை விடுங்கள். வாயின் விளிம்பில் குச்சியைக் குறியிட்டு வெளியே எடுத்து, அதே குறி விளிம்பில் நிற்கும்படி குழலின் மேல் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி கேப் மாட்டும் முனையின் அருகே வரவேண்டும். பல சென்டிமீட்டர் முன்னதாகவே நின்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். கருமருந்து எத்தனை தலைமுறை கழிந்தாலும் ஈரம் படாதிருந்தால் உயிரோடுதான் இருக்கும்.

கேட்டவர்

இரண்டாம் பதிலை எழுதியவருக்கு மிகுந்த நன்றி. குச்சி 4 செ.மீ. முன்னதாகவே நின்றது. நான் மேற்கொண்டு எதையும் தொடாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்குநர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் திருகுமுனைக் கோலால் முதலில் கசங்கிய காகித அடைப்பையும், பிறகு வெள்ளை படிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ரவைகளையும், கடைசியாகக் கருமருந்தையும் வெளியே எடுத்தார். சிறுவயதில் இதன் குதிரையை எத்தனையோ முறை இழுத்து விட்டு விளையாடியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

குழலைப் பிரித்துத் துடைத்ததில் நீங்கள் சொன்ன நீள்வட்ட முத்திரை கிடைத்தது. அதன் உச்சியில் கிரீடம் இல்லை. சற்றுத் தள்ளி, கிரீடத்தின் கீழ் தனியெழுத்து ஒன்றும், 14.0 என்ற எண்ணும் இருக்கின்றன.

மூன்றாம் பதில்

நீங்கள் கண்ட இரண்டு செய்திகளையும் சேர்த்தாலே காலம் தெரிந்துவிடும். லியேஜின் நீள்வட்ட முத்திரைக்கு மேல் கிரீடம் சேர்க்கப்பட்டது 1893-ல். உங்களுடையதில் அது இல்லாததால் துப்பாக்கி அதற்கு முந்தியது. தனியெழுத்து சோதனை அதிகாரியின் அடையாளம். அதன் மேல் 1877 வரை கிரீடமும் அதன்பின் விண்மீனும் பொறிக்கப்பட்டன. ஆகவே, 1877-க்குப் பிந்தாமல் சோதிக்கப்பட்ட குழல் இது. 14.0 என்பது மில்லிமீட்டரில் உள்விட்டம். ஆங்கிலேயச் சோதனைச் சாலையாக இருந்திருந்தால் போர் எண்ணைத்தான் பொறித்திருப்பார்கள்.

செய்தவரின் பெயரைத் தேடி மனம் சோர வேண்டாம். லியேஜில் குழலை ஒருவர், பக்கத் தகட்டை ஒருவர், கட்டையை ஒருவர் என்று தத்தம் வீட்டுப் பட்டறைகளில் செய்துகொடுக்க, வணிகர் அவற்றை ஒன்றுசேர்த்து விற்றார். குழல்களுக்கு அருகிலிருந்த வெஸ்த்ர் பள்ளத்தாக்கு பெயர் பெற்றது. இந்த வேலைப் பிரிவினையால்தான் இவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது. கால் முழுமை பெறாத உங்கள் நாயும் ஒரே நாளில் பல தகடுகளைச் செதுக்கி முடித்தாக வேண்டியிருந்த ஒரு கையின் வேலையாகவே எனக்குப் படுகிறது. அதை நான் குறையாக எண்ணவில்லை.

குழலின் மேல் வரிவரியாகத் தெரிந்தால், அதே வரிகள் கட்டைக்குள் மறைந்திருந்த அடிப்பக்கத்திலும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்தால் இரும்புப் பட்டைகளைச் சுற்றிப் பற்றவைத்துச் செய்த முறுக்குக் குழல். மேலே மட்டும் இருந்தால் வண்ணத்தால் போட்ட கோலம். எதுவாக இருந்தாலும், இவ்வளவு காலம் மருந்தும் ஈயமும் அடைந்துகிடந்த பின்முனை உட்புறம் அரித்திருக்கும் என்பதால், இதைச் சுடாமல் வைத்திருப்பதே நல்லது. பின்முனைத் திருகை நீங்களே கழற்ற முயல வேண்டாம். முத்திரைகள் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பிடிப்புக் கருவி ஒருமுறை வழுக்கினாலும் அவை போய்விடும்.