ஜான் ஏவன் வரைந்த நில அட்டை உங்கள் கைக்கு வந்த கதை

காட்டுப்பூனை (கோலாலம்பூர்):
நானே தொடங்கி வைக்கிறேன். 2005, நாலாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். புக்கிட் பிந்தாங்கில் ஒரு கடையில் மேஜிக்: தி கேதரிங் அட்டை விளையாட்டின் அன்ஹிஞ்ட் தொகுப்பில் பேக் மூன்று வாங்கினேன், ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போனது. மேஜிக் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், நில அட்டை சோறு மாதிரி, மற்ற அட்டைகளை இறக்கச் சக்தி தருவது அதுதான். 60 அட்டைக் கட்டில் 24 அதுவாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் அதைப் பார்த்து வாய் பிளப்பதில்லை. பிளாக் லோட்டஸ் என்ற அட்டையை வரைந்த கிறிஸ்டோபர் ரஷ் பெயர் தெரியும், அதுகூட அதன் விலையால்தான்.

அன்ஹிஞ்ட் வேறு மாதிரி. பேக்குக்கு ஒரு நிலம், ஐந்து வகையும் ஏவன் வரைந்தது. எழுத்துக் கட்டமே இல்லை, மேலிருந்து கீழ்வரை படம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒருத்தர், "தம்பி, அந்த மூணையும் குடு, டிராகன் ஒண்ணு தரேன்" என்றார். கொடுத்துவிட்டேன். அந்த டிராகனை ஒரு ஆட்டத்தில்கூட இறக்கியதில்லை.

பென்சில்சீவி (பெட்டாலிங் ஜெயா):
எனக்கு ஏவன் வாத்தியார் மாதிரி. விளம்பரப் படம் வரைவது என் தொழில். விளையாட்டு அட்டைக்குப் படம் வரையும் முதல் வேலை கிடைத்தபோது பெரிய தாளில் மூன்று நாள் உட்கார்ந்து, இலை இலையாக வரைந்தேன். வேலை கொடுத்தவர் அதைச் சுருக்கி பிரிண்ட் எடுத்து மேஜையில் போட்டார். கீரைக் கடைசல்! அட்டையே 63க்கு 88 மில்லிமீட்டர், அதில் படத்துக்கு மிஞ்சுவது பாதி.

அன்றிரவு ஏவனின் நிலங்களை மாமாக் சாப்பாட்டுக் கடை மேஜையில் பரப்பினேன், மிராஜ் தொகுப்பின் மலை அட்டையிலிருந்து (1996). தே தாரேக் டீ ஆறிப்போனது. கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்: முன்னால் இருட்டு, நடுவில் மங்கல், பின்னால் வானம் மட்டும் பளீரென்று. மூன்றே அடுக்கு. ஆள் பெரும்பாலும் கிடையாது. புத்தக அட்டை வரைந்து பழகிய கை அது, நாலடி தள்ளி நிற்கிறவனையும் கூப்பிடும். இலையெல்லாம் கிட்டே போனால்தான் தெரியும், அதுவும் பாதி நாமாக நினைத்துக்கொள்வது.

பட்டர்வொர்த் அக்கா:
மன்னிக்கணும், ஏவன் படம் எனக்குக் காலண்டர் மாதிரி. நான் இன்னொரு மேஜிக் ஓவியர் ரெபெக்கா குவே கட்சி. அவர் வரைந்த பிட்டர்பிளாஸம் அட்டை (2008) ஒன்று போதும். நீர்வண்ணத்தில் அந்தக் கோடு வளைந்து போகிற அழகு வேறு யாருக்கும் வராது.

ஆனால் ஒன்று சொல்லியாகணும். போன மாதம் ஃபெர்ரியில் பினாங்குத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தோம், மழை விட்ட சாயங்காலம். கொடிமலை கறுத்துக் கிடக்கு, மேலே மேகம் கிழிந்து வெளிச்சம் கொட்டுது. தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, அன்ஹிஞ்ட்" என்றான். மறுத்துப் பேச முடியவில்லை.

காட்டுப்பூனை:
அக்கா கட்சி மாறினாலும் மாறுவார் போல. என் கதைக்கு வால் ஒன்று இருக்கு. 2017இல் அன்ஸ்டேபிள் தொகுப்பு வந்தது. ஐந்து நிலமும் மறுபடி ஏவன்தான், இந்தத் தடவை ஓரச் சட்டம்கூட இல்லை. பழைய வயிற்றெரிச்சலில் ஒரு பெட்டியே வாங்கி, வீட்டில் வைத்துப் பிரித்தேன். என் சொந்த அக்கா மகனுக்கு அப்போது பத்து வயது. ஒரு காடு அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, டிராகன் இல்லையா?"