தனித்து ஓடும்போது அதிர்வெண் 50.9-இல் நின்றுவிடுகிறது: கவர்னர் பழுதா?

சக்கைமேடு:
வணக்கம். சர்க்கரை ஆலையின் மின்உற்பத்திப் பிரிவில் ஷிஃப்ட் பொறியாளராக இருக்கிறேன். கரும்புச் சக்கையில் எரியும் பாய்லர், 15 மெகாவாட் நீராவி டர்பைன், நிமிடத்துக்கு 1500 சுற்று. கவர்னரில் (நீராவி வால்வைத் திறந்து மூடி வேகத்தைப் பிடித்துவைக்கும் கருவி) டிரூப் 4 விழுக்காடு, அதாவது சுமையே இல்லாததிலிருந்து முழுச் சுமைக்குப் போகும்போது வேகம் அவ்வளவு இறங்கும். எனக்கு முன்பு இருந்தவர் வைத்த அளவு அது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு தொல்லைகள். 12 மெகாவாட்டில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் 11.6 காட்டுகிறது, சிறிது நேரத்தில் 12.7. யாரும் எதையும் தொடுவதில்லை.

இரண்டாவதுதான் பெரிது. சென்ற வாரம் இரவு 2 மணிக்கு எங்களை மின்தொகுப்போடு இணைக்கும் வெளிப் பாதை துண்டித்துக்கொண்டது; டர்பைன் ஆலைக்கு மட்டும் தனித்து ஓடியது. அப்போது ஓடியது 12. அதில் 5 ஆலைக்கு, 7 வெளியே. டர்பைன் நிற்கவில்லை, அதுவரை நல்லது. ஆனால் அதிர்வெண் 50.9-க்கு ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. போதாக்குறைக்கு ஊசி 50.6-க்கும் 51.2-க்கும் இடையே நான்கு விநாடிக்கு ஒருமுறை ஆடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் கையால் பொத்தானை அழுத்தி அழுத்தி இறக்கினார். கவர்னரையே மாற்றிவிடலாம் என்கிறார் மேலாளர். உங்கள் கருத்து?

நூற்பாலை:
டிரூப்பை 1 விழுக்காட்டுக்குக் குறைத்துவிடுங்கள். 50-க்குப் பக்கத்திலேயே நிற்கும்.

குந்தா மழை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீர்மின் நிலையத்தில் கவர்னரோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் 4 விழுக்காடு என்றால் 2 ஹெர்ட்ஸ். அதாவது அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ் ஏறினால் உங்கள் கவர்னர் 15 மெகாவாட்டையும் கைவிடும். ஒரு ஹெர்ட்ஸுக்கு 7.5 மெகாவாட். அன்று இரவு நீங்கள் இழந்தது 7. ஏழை ஏழரையால் வகுத்தால் 0.93. ஐம்பதோடு கூட்டுங்கள். உங்கள் 50.9 வந்துவிட்டதா? கவர்னர் சொன்னபடி கேட்டிருக்கிறது. பழுதான கவர்னராக இருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குக்கு வராது.

முதல் தொல்லையும் இதே கணக்குதான். நம் நாட்டு மின்தொகுப்பை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 50.05 ஆனால் உங்கள் டர்பைன் 0.38 குறைத்து 11.6-க்கு வரும், 49.90 ஆனால் 0.75 கூட்டி 12.75-க்குப் போகும். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் எங்கோ ஓர் அனல் அலகு நின்றிருக்கலாம். அந்த நொடியில் முதலில் கைகொடுப்பது சுழலும் ரோட்டர்களின் எடை; அவை தம் வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து மின்சாரமாக்குகின்றன. அடுத்த சில விநாடிகளில் கவர்னர்கள் வால்வைத் திறக்கின்றன. யாரும் யாருக்கும் தொலைபேசியில் சொல்வதில்லை. எல்லா இயந்திரமும் ஒரே அதிர்வெண்ணைப் பார்ப்பதால் அவரவர் கொள்ளளவுக்கு ஏற்ற பங்கு தானாகப் பிரிகிறது. விட்டுப்போன மிச்சத்தை 50-க்கு இழுத்து வருவது, தொகுப்பைக் கண்காணித்து நிலையங்களுக்கு உத்தரவிடும் சுமை அனுப்பு மையத்தின் வேலை. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும்.

இப்போது 1 விழுக்காடு வைத்துப் பாருங்கள். ஒரு ஹெர்ட்ஸுக்கு 30 மெகாவாட். அதிர்வெண் 0.05 அசைந்தாலே உங்கள் சுமை 1.5 மெகாவாட் குதிக்கும். சக்கை பாய்லரின் அழுத்தம் அதைத் தாங்குமா? விதியும் 3 முதல் 6 விழுக்காடு வரைதான் கேட்கிறது.

நூற்பாலை:
ஒப்புக்கொள்கிறேன். எங்கள் டீசல் ஜெனரேட்டர் தனியாக ஓடுவது, அந்த நினைப்பில் சொல்லிவிட்டேன். ஆனால் டிரூப் என்ற ஒன்றை எதற்கு வேண்டுமென்றே வைத்தார்கள்? எந்தச் சுமையிலும் சரியாக 50 என்று வைத்தால் என்ன?

குந்தா மழை:
ஒரு இயந்திரம் மட்டும் என்றால் வைக்கலாம். ஐசோக்ரோனஸ் என்பது அதுதான். இரண்டு இயந்திரங்களை, தமக்குள் சுமையைப் பங்கிடும் இணைப்பு இல்லாமல், அப்படி வைத்தால் சண்டை. ஒன்றின் அளவி 50.00 என்னும், மற்றது 49.99 என்னும். ஒன்று சுமை முழுவதையும் வாரிக்கொள்ளும், மற்றது காலியாகி, மின்சாரம் வெளியே போவதற்குப் பதில் அதற்குள் பாய, அந்தத் தலைகீழ் மின்சாரத்தில் டிரிப் ஆகும்.

ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இயந்திரத்தில் பொருத்திய குண்டு கவர்னரை நினைத்துப் பாருங்கள். வால்வு அதிகம் திறந்தே நிற்க வேண்டுமானால் குண்டுகள் தாழ்ந்தே நிற்க வேண்டும். குண்டு தாழ வேகம் குறைய வேண்டும். டிரூப் அந்த இரும்பின் அமைப்பிலேயே இருந்தது. பல இயந்திரங்களை இணைத்து ஓட்டியபோது அந்தக் குறையே கைகொடுத்தது.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் ஒன்பது நிமிடம் விளக்கை அணைத்தார்கள். சுமார் 31,000 மெகாவாட் தேவை விழுந்தது. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையே நின்றது. நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஏற்றி வைத்து, அணைக்கும் நேரத்தில் இறக்கினார்கள்.

கிடக்கட்டும். சக்கைமேடு, உங்கள் கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 50.9 சரி. ஆனால் அந்த ஆட்டம் சரியில்லை. வால்வு இணைப்புக் கம்பிகளைக் கையால் அசைத்துப் பார்த்தீர்களா?

சக்கைமேடு:
இல்லை. ஆனால் மின்தொகுப்போடு ஓடும்போது இந்த ஆட்டமே இல்லையே?

குந்தா மழை:
இருக்காது. 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 250 ஆயிரம் மெகாவாட். அதில் நீங்கள் ஏறத்தாழ 17 ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் டர்பைனின் வேகத்தை அந்தக் கூட்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கவர்னர் தடுமாறினாலும் வேகம் அசையாது. தனியானதும் வேகம் உங்கள் வால்வு ஒன்றை மட்டுமே நம்புகிறது. கம்பியில் தளர்ச்சி இருந்தால் கவர்னர் 'மூடு' என்று சொன்ன பிறகும் வால்வு சிறிது நேரம் சும்மா இருக்கும், பிறகு தேவைக்கு மேல் மூடும். அதுதான் ஊசியின் ஆட்டம்.

சக்கைமேடு:
அரவை நின்ற நேரத்தில் பார்த்தோம். ஆக்சுவேட்டருக்கும் (கவர்னர் சொன்னபடி வால்வை நகர்த்தும் பகுதி) வால்வுத் தண்டுக்கும் இடையே உள்ள பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. விரலால் ஆட்டினாலே டொக் டொக் என்கிறது. பட்டறையில் புதிய பின்னும் புஷ்ஷும் கடைந்து போட்டோம்.

நேற்று அதிகாலை பாதை மறுபடியும் போனது. 50.9. ஊசி அசையவில்லை. கவர்னரை மாற்றும் பேச்சு நின்றுவிட்டது. பாதை போனதும் கவர்னர் தானாக ஐசோக்ரோனஸுக்கு மாறும்படி செய்ய நினைக்கிறோம், எங்களிடம் ஒரே டர்பைன்தான்.

குந்தா மழை:
செய்யுங்கள். ஆனால் உங்களை மின்தொகுப்போடு இணைக்கும் பிரேக்கர் மூடும் அதே நொடியில் டிரூப்புக்குத் திரும்ப வேண்டும். மறந்தால் தொகுப்பு 49.95-இல் இருக்கும் நேரத்தில் உங்கள் கவர்னர் நாட்டையே தனியாக 50-க்கு இழுக்கப் பார்த்து வால்வை முழுவதும் திறந்துவிடும். பிரேக்கரின் துணைத் தொடுப்பை (பிரேக்கர் மூடியதா, திறந்ததா என்று சொல்லும் சிறு சுவிட்ச்) எடுத்து கவர்னரோடு இணையுங்கள், ஆபரேட்டரின் நினைவை நம்பாதீர்கள்.