கடைசி சீசனும் வராத ஆறாம் புத்தகமும்

அருண்: அக்கா, கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடர் பார்த்து முடித்துவிட்டேன். எட்டு சீசனும். யாரிடமாவது பேசியே ஆக வேண்டும், அப்படிக் கோபம் வருகிறது.

குமார்: 2019இல் நாங்கள் பட்ட பாடு இப்போது உனக்கு. வா.

மாலதி சித்தி: ராத்திரி இரண்டு மணி வரைக்கும் உன் அறையில் வெளிச்சம் தெரிந்தது இதற்குத்தானா?

அருண்: அம்மா, இரு. அக்கா, அந்த டிராகன் ராணி டேனெரிஸ் ஏன் அப்படிச் செய்தாள்? மணி அடித்துவிட்டது, நகரம் சரணடைந்துவிட்டது, அவள் ஜெயித்தாயிற்று. அதற்கு அப்புறம் தெருத் தெருவாகப் போய் சாதாரண ஜனங்களை எரிக்கிறாள். நான் திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள், அவ்வளவுதான், உடனே டிராகன் கிளம்பிவிடுகிறது.

வித்யா: அவள் மாறியது எனக்குப் பிரச்சினை இல்லை அருண். அவள் அப்பாவே நகரத்தை எரிக்கச் சொன்ன ராஜா. மீரீன் நகரத்தில் அவள் அடிமை எஜமானர்களைச் சிலுவையில் அறைந்ததையும், ஏழாவது சீசனில் மண்டியிட மறுத்த ஒரு அப்பாவையும் அவர் மகனையும் டிராகனை விட்டு எரித்ததையும் நீ பார்த்தாய். கதை அந்தப் பக்கம்தான் போகிறது என்பதற்கு அடையாளம் இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு இடம் கொடுக்கவில்லை. முதல் ஆறு சீசனுக்கும் தலா 10 எபிசோட், ஏழாவதுக்கு 7, எட்டாவதுக்கு 6. எட்டாவதின் மூன்றாவது எபிசோடில் பிணப் படையோடு சண்டை முடிகிறது, நான்காவதில் அவளுடைய ஒரு டிராகனும் தோழி மிஸ்ஸான்டேயும் செத்துப்போகிறார்கள், ஐந்தாவதில் ஊரே சாம்பல். ஒரு மனுஷி உடைந்துபோவதை இரண்டு சீசன் பொறுமையாகக் காட்டியிருந்தால் நான் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டிருப்பேன்.

குமார்: தூரம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது, அதையும் சொல்.

வித்யா: ஆமாம். முதல் எபிசோடில் ராபர்ட் ராஜா வடக்கே விண்டர்ஃபெல் கோட்டைக்கு வந்து இறங்கியதுமே ராணி செர்சி சொல்கிறாள், ஒரு மாதமாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறோம் என்று. அந்த ஒரு மாதத்தால்தான் அந்த உலகம் பெரிதாகத் தெரிந்தது. ஒரு செய்தி தாமதமாக வந்து சேர்ந்ததால் ஒருவன் செத்துப்போவான், நமக்கும் அது நியாயமாகப் படும். ஏழாவது சீசனில் ஜான் ஸ்னோவும் கூட இருப்பவர்களும் உறைந்த ஏரி நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவன் வடக்கு எல்லைச் சுவர் வரைக்கும் ஓடுகிறான், அங்கிருந்து செய்தியோடு காக்கை டேனெரிஸ் இருக்கிற டிராகன்ஸ்டோனுக்குப் பறக்கிறது, அவள் கிளம்பி டிராகனோடு வந்து சேருகிறாள், இவர்கள் இன்னும் அதே பாறை மேல் நிற்கிறார்கள். அந்த எபிசோடோடு எனக்கு அந்த உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

சேகர் சித்தப்பா: எனக்கு இந்த டிராகன் கதையெல்லாம் தெரியாதும்மா. ஆனால் இவ்வளவு அவசரமாக ஏன் முடித்தார்கள்? பணம் போதவில்லையா?

வித்யா: இல்லை சித்தப்பா, அதுதான் வயிற்றெரிச்சல். ஹெச்பிஓ சேனல் இன்னும் சீசன்கள் எடுக்கத் தயாராகத்தான் இருந்தது. எடுத்தவர்கள்தான் கிட்டத்தட்ட 73 மணி நேரக் கதை, அதோடு போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். சரியாக 73 எபிசோடில் நின்றுவிட்டது. எட்டாவது சீசனை வேறு எழுத்தாளர்களை வைத்துத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு மனு ஓடியது, பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

அருண்: நீ போட்டாயா?

வித்யா: போடவில்லை. நடித்தவர்கள், இசை போட்டவர், உடை தைத்தவர்கள் யாரும் குறை வைக்கவில்லை, அந்த வருஷம் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருதும் அதற்குத்தான் கிடைத்தது. கோளாறு எழுத்தில். அதை மனு போட்டுச் சரிசெய்ய முடியாது.

அருண்: சரி, அப்போது புத்தகத்தில் இது சரியாக இருக்கும்தானே? படித்துவிடுகிறேன்.

குமார்: ஐயோ.

வித்யா: ஜார்ஜ் மார்ட்டின் எழுதுகிற புத்தகம் இன்னும் அந்த இடத்துக்கே வரவில்லை தம்பி. முதல் பாகம் 1996, இரண்டாவது 1998, மூன்றாவது 2000, நான்காவது 2005, ஐந்தாவது 2011 ஜூலை. மொத்தம் ஏழு என்று திட்டம். ஆறாவது இன்னும் வரவில்லை. டிவி தொடர் 2011 ஏப்ரலில் ஆரம்பித்தது என்பதை நினைத்துப் பார். அது தொடங்கி, புத்தகங்களைத் தாண்டிப் போய், முடிந்து, 2022இல் அதன் முன்கதையாக ஹவுஸ் ஆஃப் தி டிராகன் தொடர் வந்து, அதற்கும் சண்டை போட்டாயிற்று. ஆறாவது புத்தகம் மட்டும் இல்லை.

சேகர் சித்தப்பா: எழுதுகிறவன் என்ன இயந்திரமா? வரும்போது வரட்டும். அவன் உங்களுக்குக் கடன்பட்டவன் இல்லையே. நீங்கள் வாங்கியது அந்த ஐந்து புத்தகம், அது கையில் இருக்கிறது.

குமார்: சித்தப்பா, தொடரின் முதல் பாகம் என்று சொல்லித்தானே விற்கிறார்கள். அதுவும் ஒரு வாக்குதான்.

வித்யா: சித்தப்பா சொல்வதில் பாதி சரி. மார்ட்டின் சோம்பேறி என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அவர் மாட்டிக்கொண்ட இடம் எது என்று பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. முதலில் மூன்றே புத்தகம் என்றுதான் நினைத்திருந்தார். பிறகு கதை வளர்ந்துகொண்டே போனது. மூன்றாவது பாகத்துக்கு அப்புறம் கதையை ஐந்து வருஷம் தள்ளிக் கொண்டுபோகலாம், குழந்தைகளும் வளர்ந்துவிடுவார்கள், டிராகனும் வளர்ந்துவிடும் என்று திட்டம் போட்டார். எழுதிப் பார்த்தால் சிலருக்கு அது பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை. ஐந்து வருஷமாக ஜான் ஸ்னோ சுவர் மேல் சும்மாவா உட்கார்ந்திருந்தான்? அதனால் எழுதியதைத் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அது இரண்டு புத்தகமாகப் பெருத்து, பாதிப் பேரின் கதை நான்காவதில், மீதிப் பேரின் கதை ஐந்தாவதில் என்று பிரிந்தது. நான்காவது பாகத்தைத் திறந்தால் முக்கியமான ஆட்களான டிரியன், ஜான், டேனெரிஸ் மூன்று பேருக்கும் ஒரு அத்தியாயம்கூட இல்லை. அதன் கடைசியில் ஒரு குறிப்பு போட்டிருந்தார், அடுத்தது அடுத்த வருஷமே வந்துவிடும் என்று நம்புவதாக. ஆறு வருஷம் ஆனது.

அருண்: ஒரு திட்டம் போட்டுக்கொண்டு எழுத மாட்டாரா?

வித்யா: எழுத்தாளர்களில் இரண்டு வகை என்று அவரே சொல்வார். கட்டடம் கட்டுகிறவர் முதல் செங்கல் வைக்கும் முன்பே எத்தனை அறை என்று வரைந்துவிடுவார், தோட்டக்காரர் விதை போட்டுவிட்டு அது எப்படி வளர்கிறது என்று பார்ப்பார். தான் தோட்டக்காரர் என்பார்.

குமார்: அவராவது ஐந்து தந்தார். இன்னொரு எழுத்தாளர், பேட்ரிக் ராத்ஃபஸ்ஸை எடுத்துக்கொள். அவருடைய நாயகன் க்வோத் தன் கதையை மூன்று நாளில் சொல்கிறேன் என்று உட்காருகிறான், ஒரு நாளுக்கு ஒரு புத்தகம். முதல் நாள் 2007, இரண்டாம் நாள் 2011. மூன்றாம் நாள் விடியவே இல்லை. 2021 கடைசியில் ஒரு நன்கொடை திரட்டும்போது, இலக்கை எட்டினால் மூன்றாவது புத்தகத்திலிருந்து ஒரு அத்தியாயம் தருவதாகச் சொன்னார். பணம் சேர்ந்தது, அத்தியாயம் வரவில்லை. தாமதத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கேட்காமலே ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு அப்புறம் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

வித்யா: அதேதான். எனக்குத் தேதி வேண்டாம். முடிக்க முடியவில்லை என்றால் முடிக்க முடியவில்லை என்று ஒரு வரி சொல்லட்டும். நாங்கள் அழுதுவிட்டு எழுந்துவிடுவோம்.

சேகர் சித்தப்பா: கல்கியையே விடவில்லை நம் ஆட்கள். பொன்னியின் செல்வன் 1950லிருந்து 54 வரைக்கும் வாராவாரம் வந்து முடிந்தது, தெரியுமா? அத்தனை பாகம் எழுதிய பிறகும் திடீரென்று முடித்துவிட்டீர்கள் என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். நந்தினி என்ன ஆனாள், வந்தியத்தேவனுக்குக் கல்யாணம் ஆனதா என்று கேள்வி. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, முடிவுரை எழுதிப் பதில் சொன்னார்.

வித்யா: சித்தப்பா, இதைத்தான் நான் கேட்கிறேன்! அவர் வாசகரை மதித்து உட்கார்ந்து பதில் எழுதினார் பாருங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசி வரைக்கும் உடைத்துச் சொல்லவே இல்லை, ஆனாலும் யாருக்கும் ஏமாந்த மாதிரி இல்லை. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லையே.

சேகர் சித்தப்பா: அவருடைய அமரதாராவும் பாதியில்தான் நின்றது. 1954 டிசம்பரில் அவர் போய்விட்டார். மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார்.

குமார்: வீல் ஆஃப் டைம் என்ற நாவல் தொடரும் அப்படித்தான் சித்தப்பா! ராபர்ட் ஜோர்டன் 1990இல் ஆரம்பித்தார், 2007இல் இறந்துவிட்டார். நோய் என்று தெரிந்ததும் கடைசிப் புத்தகத்துக்கான குறிப்புகளை எல்லாம் சொல்லிவைத்தார், கடைசிக் காட்சியையும் அவரே எழுதிவைத்தார். அவர் மனைவி ஹாரியட்தான் அவருடைய எடிட்டரும். மீதியை எழுத பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரை ஹாரியட் தேர்ந்தெடுத்தார். ஒரு புத்தகம் என்றது மூன்று புத்தகமாகி, 2013இல் 14ஆம் பாகத்தோடு முடிந்தது. அதில் வரும் மேட் என்பவன் பேசுகிற விதம் மாறிப்போனதை நான் முதல் சில பக்கத்திலேயே கண்டுபிடித்தேன், கொஞ்சம் உறுத்தியது. ஆனால் கடைசிப் பக்கத்தை மூடியபோது அந்த மனிதர் மேல் எவ்வளவு நன்றி வந்தது தெரியுமா.

அருண்: அப்போது முடிவைத் தெரிந்து வைத்துக்கொண்டு எழுதினால் சரியாக வரும் என்று அர்த்தமா?

வித்யா: வராது. ஹவ் ஐ மெட் யுவர் மதர் பார்த்தாய்தானே, ஒரு அப்பா தன் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மாவைச் சந்தித்த கதையைச் சொல்கிற தொடர்? அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள் என்று, கடைசிக் காட்சியில் அவர்கள் பேசுகிற பகுதியை ஆரம்ப சீசன்களிலேயே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். அதற்கு அப்புறம் கதை வருஷக்கணக்கில் வளர்ந்து வேறு எங்கோ போய்விட்டது. ஒன்பதாவது சீசன் கிட்டத்தட்ட முழுக்க பார்னிக்கும் ராபினுக்கும் கல்யாணம். 2014இல் வந்த கடைசி எபிசோடில் அந்தக் கல்யாணத்தை முறித்து, அத்தனை வருஷம் காத்திருந்து பார்த்த அம்மாவையும் சாகடித்து, பழைய காட்சியைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். எழுதி எழுதி அந்த மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்றால் முடிவும் மாற வேண்டாமா?

அருண்: ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் அனிமேஷன் தொடரை இரண்டு தடவை எடுத்தார்களே. 2003இல் அதன் மூலமான மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, பாதியில் இருக்கும்போதே எடுத்துத் தாங்களாக ஒரு முடிவு வைத்தார்கள், 2009இல் பிரதர்ஹுட் என்று மறுபடி எடுத்து மாங்காவோடு சேர்த்து முடித்தார்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸையும் அப்படி எடுக்க வேண்டியதுதானே?

குமார்: அதற்கு முதலில் மாங்கா முடிய வேண்டும். அதை எழுதிய அரகாவா 2010இல் முடித்தார்.

மாலதி சித்தி: நான் ஒன்று கேட்கிறேன். முடியாது என்று தெரிந்த கதையை ஏன் இப்படி விழுந்து விழுந்து படிக்கிறீர்கள்? முடிந்த கதை உலகத்தில் இல்லையா?

வித்யா: சித்தி, உங்களுக்கு ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். ஜேமி என்று ஒருவன். கதை ஆரம்பித்ததுமே ஒரு சின்னப் பையனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். காப்பாற்றுகிறேன் என்று சத்தியம் செய்த ராஜாவையே கொன்றவன் என்று நாடே அவனைக் காறித் துப்புகிறது. இரண்டு புத்தகம் முழுக்க நாமும் அவனை வெறுக்கிறோம், அவன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஆசிரியர் காட்டவே மாட்டார். மூன்றாவது புத்தகத்தில்தான் அவன் பார்வையில் அத்தியாயம் வருகிறது. கை வெட்டுப்பட்டு, காய்ச்சலோடு, ஒரு குளியல் அறையில் வெந்நீருக்குள் உட்கார்ந்துகொண்டு, தன்னை மதிக்காத பிரியன் என்ற பெண்ணிடம் சொல்கிறான், அந்த ராஜா ஊர் முழுக்கக் கீழே எரிபொருளைப் புதைத்துவைத்து எல்லோரையும் கொளுத்தச் சொன்னான், அதனால்தான் கொன்றேன் என்று. அத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆயிரக்கணக்கான பக்கம் ஒருவனை வெறுத்துவிட்டு ஒரே அத்தியாயத்தில் மனசு புரண்டுபோகும் பாருங்கள், அதற்காகத்தான் படிக்கிறேன்.

மாலதி சித்தி: சரி, அவன் கடைசியில் என்ன ஆனான்?

வித்யா: எட்டாவது சீசனின் இரண்டாவது எபிசோடில் பிரியனுக்கு அவன் கையாலேயே வீரர் பட்டம் கொடுக்கிறான், எனக்கு அந்த சீசனில் பிடித்ததே அந்த ஒரு காட்சிதான். அதற்கு அப்புறம் அவளை அழவிட்டுவிட்டு தன் காதலி ராணி செர்சியிடமே திரும்பிப் போகிறான். போகிற வழியில் தம்பி டிரியன் ஊர் ஜனங்களைப் பற்றிப் பேசும்போது, நான் அவர்களைப் பற்றி எப்போதுமே பெரிதாகக் கவலைப்பட்டதில்லை என்கிறான். எந்த ஊர் ஜனங்களைக் காப்பாற்ற ராஜாவைக் கொன்று பேரைக் கெடுத்துக்கொண்டானோ, அதே ஊர் ஜனங்கள் சித்தி! அவன் செர்சியிடம் போய்ச் சாவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, விட முடியாத பழக்கம் என்று காட்டியிருந்தால் அதுவே பெரிய சோகம். ஆனால் அந்த வசனத்தை எழுதிய அன்று குளியல் அறைக் காட்சி ஒருவருக்கும் ஞாபகம் இல்லையா? மார்ட்டினால் முடிக்க முடியாததற்கும் இவர்கள் டக்கென்று முடித்ததற்கும் இதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். அவரால் முன்னால் எழுதிய எதையும் மறந்துவிட்டு அடுத்த பக்கம் எழுத முடியவில்லை. இவர்களுக்கு முடிந்தது.

மாலதி சித்தி: பாவம், அந்தப் பெண்.

சேகர் சித்தப்பா: இப்போது எனக்கும் அந்த மூன்றாவது புத்தகத்தைப் படிக்க வேண்டும் போல இருக்கிறதே.

வித்யா: முதலிலிருந்து வாருங்கள் சித்தப்பா, ஜேமியை வெறுக்காமல் நேராக அங்கே போனால் ஒன்றும் இருக்காது. அருண், நீயும் ஆரம்பி. மூன்றாவது பாகத்தோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை, அது அவ்வளவு நிறைவான புத்தகம்.

அருண்: நிறுத்த மாட்டேன், ஐந்தையும் படித்துவிட்டு உங்களோடு சேர்ந்து நானும் காத்திருக்கிறேன்.

குமார்: அப்படியென்றால் நான்காவதையும் ஐந்தாவதையும் தனித்தனியாகப் படிக்காதே. இரண்டிலும் ஓரளவுக்கு ஒரே காலத்தில்தான் கதை நடக்கிறது. இரண்டின் அத்தியாயங்களையும் கலந்து படிக்கிற மாதிரி ரசிகர்கள் வரிசை போட்டுவைத்திருக்கிறார்கள், தேடி இந்தக் குழுவிலேயே போடுகிறேன்.