மறு: எம்ஓஎஃப் – சட்டகமா, கூடா, சாரமா?

வணக்கம்.

நான்கு நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் போகும்போது முழுசாகப் படித்தேன். 2025 வேதியியல் நோபல் எம்ஓஎஃப் (metal-organic framework) ஆய்வுக்கு என்று அறிவித்த அன்று, உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, உள்ளே வெற்றிடம் நிறைந்த இந்தப் படிகத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இங்கே ஒருவர் கேட்டார். அதற்கு இன்னும் விடை வரவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. அடுத்த மாதம் நூலகத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன், அவர்கள் முன்னால் நின்றுகொண்டு எம்ஓஎஃப், எம்ஓஎஃப் என்றே முக்கால் மணி நேரம் சொல்ல எனக்கு மனசில்லை.

> கரிம உலோகச் சட்டகம் என்று வைத்துவிட்டால் போதாதா?

போதாது ஐயா. முதலில் வரிசை. 'கரிம உலோகச் சேர்மம்' என்பது ஏற்கெனவே பாடநூலில் உள்ள வேறொரு பொருள், அதில் உலோகம் நேராகக் கார்பனோடு பிணைந்திருக்கும். நாம் பேசும் பொருளில் உலோக அயனி பெரும்பாலும் ஆக்சிஜனையோ நைட்ரஜனையோதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த அணு ஒரு கரிம மூலக்கூறின் முனையில் இருக்கிறது. வரிசையை மாற்றினால் பொருளே மாறிவிடும். அதனால் 'உலோகக் கரிம' என்றுதான் தொடங்க வேண்டும். இங்கே 'கரிம வெளியேற்றம்' என்று செய்தியில் படித்துப் பழகிய பிள்ளைகள் கரிமம் என்றாலே கார்பன் என்று எடுத்துக்கொள்வார்கள், அதை ஒரு வரியில் விளக்கிவிடலாம்.

அப்புறம் 'சட்டகம்'. சட்டகம் என்றதும் எனக்கு ஜன்னலும் படத்தின் சட்டமும்தான் கண்ணில் வருகின்றன: தட்டையாக, ஒரே ஓர் ஓரமாக. 'கட்டமைப்பு' இன்னும் மோசம், சாலை முதல் கட்சி வரை எல்லாமே கட்டமைப்புதான். இந்த இழையில் ஓர் அக்கா சொன்ன 'கூடு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது, எலும்புக்கூடு, தேன்கூடு என்று உள்ளே வெற்றிடம் இருப்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனால் இதே உலோகத்தையும் கரிமத்தையும் வைத்துத் தனித்தனியாக மூடிய கூண்டு மூலக்கூறுகளையும் செய்கிறார்கள். அவை ஒவ்வொன்றும் தனி, இதுவோ எல்லாத் திசையிலும் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் படிகம். கூட்டை அவற்றுக்கு விட்டுவிடுவோம்.

என் பரிந்துரை 'சாரம்'. கட்டடத்துக்குக் கட்டுகிறோமே, அந்தச் சாரம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 2023 குடமுழுக்குக்கு முன்னால் திருப்பணி நடந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். குழாயும் பிடியும் மாறி மாறி, அடுக்கடுக்காக, எல்லா அடுக்கும் ஒரே அச்சில். குறுக்கே நெடுக்கே எவ்வளவு கம்பி ஓடினாலும் சாரத்தில் பெரும்பங்கு வெறும் இடம்தான், ஆள் உள்ளே புகுந்து நடமாடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடிக்கும்போது சாரம் கட்டும் வேலையில் இருக்கிற புதுக்கோட்டை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் இரண்டு விரலைக் குறுக்காக வைத்துக் காட்டினார். "அண்ணே, இந்த எடந்தான் முக்கியம். கிளாம்பு எந்தக் கோணத்துல புடிக்குதோ அந்தக் கோணத்துலதான் பைப்பு போகும். கீழ ஒரு விரக்கடை தப்புனா மேல போகப் போகத் தெரிஞ்சிடும்." எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இந்த நோபலைப் பெற்ற மூவரில் ஒருவரான மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சன் 1974இல் கண்டுகொண்டதும் இதுதான். மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி செய்ய மர உருண்டைகளில் துளை போடச் சொன்னார். துளை எங்கே இருக்கிறது என்பதிலேயே முழு வடிவமும் அடங்கியிருப்பதைப் பார்த்தார். 1989இல் அவர் செம்பு அயனிகளை நான்கு கை உள்ள ஒரு மூலக்கூறோடு சேர்த்துக் கட்டிக் காட்டியபோது, வைரம் போன்ற அடுக்கும் உள்ளே ஏராளமான வெற்றிடமும் கிடைத்தன.

> சாரம் வேலை முடிந்ததும் அவிழ்க்கிற பொருள். இது நிலைத்து நிற்பது.

நியாயமான கேள்வி, இதில்தான் நானும் ரொம்ப நேரம் தடுமாறினேன். ராப்சனின் முதல் கட்டுமானங்கள் எளிதில் சரிந்துவிடக்கூடியவை. 1997இல், நோபல் பெற்ற இரண்டாமவரான ஜப்பானின் சுசுமு கிட்டகாவா கட்டியவற்றுக்குள் வாயு நுழைந்தது, வெளியேறியது, வடிவம் கெடவில்லை. 1999இல் மூன்றாமவரான ஓமர் யாகியின் எம்ஓஎஃப்-5, உள்ளே எதுவும் இல்லாமல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியும் நின்றது, அதில் ஓரிரு கிராமுக்குள் ஒரு கால்பந்துத் திடல் அளவு பரப்பு இருக்கிறது. அவிழ்க்கத் தேவையில்லாத சாரம் என்பதுதான் இவர்களின் சாதனையே, அதனால் சொல் நமக்கு எதிராக வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். ஆங்கிலத்திலும் இது சண்டையில்லாமல் வந்த பெயர் இல்லை. யாகி 1995இல் வைத்தது எம்ஓஎஃப், கிட்டகாவா விரும்பியது 'துளைகொண்ட அணைவுப் பலபடி' (porous coordination polymer) என்ற வேறொன்று. வேதியியல் பெயர்களை வரையறுக்கும் உலக அமைப்பான ஐயுபேக் 2013இல்தான் பரிந்துரை வெளியிட்டது. அந்த வரையறையிலும் உள்ளே வெற்றிடம் இருக்க இடமுண்டு என்பது முக்கியமான அம்சம்.

ஆனால் வெறும் 'சாரம்' என்று எழுதினால் பழச்சாரம், கதைச்சாரம் என்று குழம்பும். அதனால் எழுத்தில் உலோகக் கரிமச் சாரக்கட்டு. உலோகம் இருக்கும் முடிச்சுக்குக் (node) 'கணு' என்றே வைக்கலாம், மூங்கிலுக்கும் கரும்புக்கும் சொல்கிறோமே. 2005இல் யாகி குழு உலோகமே இல்லாமல் செய்தது 'சகப்பிணைப்புக் கரிமச் சாரக்கட்டு' ஆகிவிடும். ஒரு சொல் குட்டி போட வேண்டும், இது போடுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வீவக என்கிறோமே, அது மாதிரி 'உகசா' என்று சுருக்கலாம். எம்ஓஎஃப்-5 போன்ற தனிப்பொருள் பெயர்களை மட்டும் தொட வேண்டாம், அவை ஆள் பெயர் போல.

இன்னொன்று. காற்றின் ஈரத்தைப் பிடிக்கவும் இது உதவும், ஆனால் ஈரத்தை இது 'உறிஞ்சுகிறது' என்று எழுதாதீர்கள். துணி அலமாரியில் வைக்கிறோமே ஈரம் இழுக்கும் டப்பா, அதில் கால்சியம் குளோரைடு கரைந்து அடியில் உப்புத் தண்ணீராகத் தேங்கும், நம் ஊர்க் காற்றுக்குச் சில வாரத்தில் நிரம்பிவிடும், தூக்கி எறிய வேண்டியதுதான். சாரக்கட்டில் நீர் உள்பரப்பில் ஒட்டி நிற்கிறது. பாடநூல் சொல் 'பரப்புக் கவர்தல்' (adsorption). அரிசோனா பாலைவனத்தில் இரவில் பிடித்த ஈரத்தைக் காலை வெயில் பட்டதும் யாகி குழுவின் பொருள் நீராகத் திருப்பித் தந்தது. ஜோர்டான் தலைநகர் அம்மானில் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை சில மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் வந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். பிள்ளைகளிடம் இதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

கணுக்களை இணைக்கும் கரிமத் துண்டுக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'ஈனி' (ligand) பொதுவான சொல், 'இணைப்பி' உயிரில்லாமல் இருக்கிறது. 'கழி' எப்படி? மூங்கில் சாரம் கட்டிய ஊர்க்காரர்கள் யாராவது, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் உள்ள துண்டை உங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.