உதவி: சிங்கப்பூர் சாமான் சென்னையில் நிற்கிறது, டி.ஆர். (வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருவோருக்கான சுங்கவரிச்) சலுகை கிடையாது என்கிறார்கள்

மாட்டுத்தாவணி | 2023 ஜூன் 15, காலை 7:40

வணக்கம். ஆறு வருடம் சிங்கப்பூரில் வேலை. மே 14 அன்று குடும்பத்தோடு மதுரைக்கே வந்துவிட்டோம். வீட்டுச் சாமான் மொத்தம் 4 கன மீட்டர், 31 பெட்டி. தனி கன்டெய்னர் இல்லை, பங்குக் கன்டெய்னர். மே 30 கப்பல் ஏறி, ஜூன் 9 சென்னை வந்து, இப்போது சி.எஃப்.எஸ். என்கிற துறைமுகச் சரக்குக் கிடங்கில் இருக்கிறது.

நேற்று கிளியரிங் ஏஜென்ட் போன் செய்து, "சார், உங்களுக்கு டி.ஆர். ஓடாது, எல்லாவற்றுக்கும் 38.5 சதவீதம் டூட்டி" என்றார். காரணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் 2021 டிசம்பர் 10 முதல் 2022 ஜூன் 5 வரை மதுரையில் இருந்தே வேலை பார்த்தேன். அது 178 நாள். அப்புறம் அந்த வருடத் தீபாவளிக்கு அக்டோபர் 15 முதல் நவம்பர் 1 வரை, 18 நாள். ஆக 196. கடைசி இரண்டு வருடத்தில் இந்தியாவில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாதாமே?

"15,000 கொடுங்கள், பார்த்துக்கொள்கிறேன்" என்றும் சொன்னார். ரசீது கேட்டால் பேச்சை மாற்றுகிறார். தினமும் கிடங்கு வாடகை ஏறுகிறது. என்ன செய்வது?

பெரிய சாமான்கள்: 55 அங்குல டிவி (2019), 420 லிட்டர் ஃப்ரிட்ஜ் (2018), வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், பழைய கம்ப்யூட்டர் ஒன்று. மிச்சமெல்லாம் பாத்திரம், துணி, பையனின் புத்தகம், பொம்மை.

---

பீச்ரோடு_பாபு | காலை 8:15

கவலை வேண்டாம் ப்ரோ. சுங்கத்துறை உதவி ஆணையரே இரண்டு மாதம் வரை மன்னிக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. உங்களுக்கு அதிகமானது இரண்டு வாரம்தானே? ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், முடிந்தது.

---

துறைமுகத்தார் | காலை 9:02

பாபு தம்பி, அது வேறு இது வேறு. இதைக் குழப்பிக்கொண்டு போய் கவுண்டரில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இப்போது, 2023இல், நடப்பில் உள்ள 2016 பேக்கேஜ் விதிகளில் நீங்கள் கேட்கும் டி.ஆர். சலுகைக்கு, அதாவது 5 லட்ச ரூபாய் வரை வரி இல்லை என்பதற்கு, மூன்று நிபந்தனை. ஒன்று, வந்து இறங்கிய நாளுக்கு முந்தைய இரண்டு வருடம் வெளிநாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். இரண்டு, அந்த இரண்டு வருடத்துக்குள் இந்தியாவுக்கு வந்துபோன நாட்கள் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று, முந்தைய மூன்று வருடத்தில் இந்தச் சலுகையை வாங்கியிருக்கக் கூடாது. பாபு சொல்லும் இரண்டு மாத மன்னிப்பு முதல் நிபந்தனைக்கு. அதாவது இரண்டு வருடம் முடிவதற்குள் கிளம்பி வந்துவிட்டவர்களுக்கு. அதை உதவி ஆணையரோ துணை ஆணையரோ செய்யலாம். வந்துபோன நாட்கள் கூடிவிட்டால் அதை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்குத்தான், அதுவும் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து. மூன்றாவதுக்கு மன்னிப்பே கிடையாது.

அப்பாவின் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தால் ஆணையருக்கு மனுப் போடலாம். நியாயமான காரணம்தான். ஆனால் ஃபைல் மேலே போய்க் கீழே வருவதற்குள் நாள் ஓடும், கிடங்கு வாடகை யாருக்காகவும் நிற்காது.

ஏஜென்ட் சொன்னதிலும் பாதிதான் உண்மை. 5 லட்சம் ஓடாது என்றால் எல்லாவற்றுக்கும் 38.5 என்று ஆகிவிடாது. அதற்குக் கீழே இன்னொரு படி இருக்கிறது: முந்தைய இரண்டு வருடத்தில் மொத்தமாக ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்திருந்தால் 2 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு இந்த ஆறு மாதக் கணக்கே கிடையாது. நீங்கள் சுமார் பதினேழு மாதம் இருந்திருக்கிறீர்கள். இதை ஏன் அவர் சொல்லவில்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

மாட்டுத்தாவணி | காலை 9:30

ஐயா, ரொம்ப நன்றி. இதை யாருமே சொல்லவில்லை. அப்படியானால் டிவி, ஃப்ரிட்ஜுக்கு?

---

துறைமுகத்தார் | காலை 10:11

தட்டை டிவிக்கு 2013 ஆகஸ்டிலிருந்து எந்தச் சலுகையும் இல்லை. 5 லட்சப் படியில் இருந்தாலும் 38.5 கட்டித்தான் ஆக வேண்டும். வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், கம்ப்யூட்டர் 2 லட்சத்துக்குள் அடங்கும். 300 லிட்டர் வரை உள்ள ஃப்ரிட்ஜும் அடங்கும். உங்களுடையது 420, அதனால் வெளியே.

இப்போது காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பழைய ஃப்ரிட்ஜை 15,000 ரூபாய்க்கு மதிப்பிட்டால் 38.5 சதவீதத்துக்கு 5,775 ரூபாய். ஆணையர் மன்னித்து 5 லட்சப் படி கிடைத்தால் அதே ஃப்ரிட்ஜுக்கு 16.5 சதவீதம், 2,475 ரூபாய். வித்தியாசம் 3,300. இதற்காகக் கிடங்கில் பத்து நாள் போட்டு வைப்பீர்களா?

மிச்சச் சாமானின் மதிப்பு 2 லட்சத்தைத் தாண்டினால்தான் மனுவைப் பற்றி யோசிக்க வேண்டும். பழைய துணியும் பாத்திரமும் அவ்வளவு வராது.

---

ஜுராங்_அக்கா | காலை 11:48

தம்பி, நாங்கள் போன வருடம் இதே வழியில் வந்தோம். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் ஒரிஜினல் கொண்டு போங்கள். இடையில் புதுப்பித்திருந்தால் பழையதும் வேண்டும். சிங்கப்பூர்க்காரன் இப்போது முத்திரை குத்துவதில்லை, அதனால் இந்திய இமிக்ரேஷன் முத்திரையை வைத்துத்தான் நாள் எண்ணினார்கள். எங்கள் வீட்டுக்காரரின் பழைய பாஸ்போர்ட் திருச்சியில் இருந்தது, அதற்காக ஒரு நாள் போச்சு. வேலை அனுமதி ரத்தான கடிதத்தையும் கேட்டார்கள்.

அடுத்தது பேக்கிங் லிஸ்ட். எங்கள் லிஸ்ட்டில் 14ஆம் பெட்டிக்கு நேரே "இதர சமையலறைப் பொருள்" என்று மொட்டையாக எழுதியிருந்தது. சரியாக அந்தப் பெட்டியைத்தான் பிரித்தார்கள். உள்ளே இட்லித் தட்டு, புட்டுக் குழல், கூடவே விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது அயர்ன் பாக்ஸ் இரண்டு. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் வாங்கியது. பயன்படுத்தியது என்று எப்படிச் சொல்வது? அதற்கு டூட்டி போட்டார்கள்.

உங்களிடம் சீல் பிரிக்காதது ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

மாட்டுத்தாவணி | பிற்பகல் 1:05

அக்கா, புதுசு எதுவும் இல்லை. ஆனால் பையனின் பொம்மைப் பெட்டியில் ஒரு சின்ன ட்ரோன் இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். லிஸ்ட்டில் "பொம்மைகள்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். பிரச்சினை ஆகுமா?

---

துறைமுகத்தார் | பிற்பகல் 1:40

ஆகும். 2022 பிப்ரவரி 9 முதல் முழுதாகச் செய்த ட்ரோன் இறக்குமதிக்கே தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. பையனின் பிறந்தநாள் அதில் வராது. சுங்கச் சட்டம் 77ஆம் பிரிவுப்படி பேக்கேஜில் உள்ளதை உரிமையாளர்தான் அறிவிக்க வேண்டும். அறிக்கைத் தாளில் தனியாக எழுதுங்கள், போனால் அது மட்டும் போகும். மறைத்து, ஸ்கேனில் தெரிந்தால் 31 பெட்டியையும் பிரிப்பார்கள். அதற்கான கூலியும் உங்கள் தலையில்.

இன்னொன்று: நேரில் போங்கள். மதுரையில் இருந்துகொண்டு போனில் நடத்தினால் ஏஜென்ட் சொல்வதுதான் வேதம். அவர் பில்லில் டெலிவரி ஆர்டர், கன்டெய்னர் பிரிப்பு, கிடங்கு வாடகை, அவர் கட்டணம் என்று வரிவரியாகக் கேளுங்கள். ரசீது இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

---

பீச்ரோடு_பாபு | பிற்பகல் 2:20

துறைமுகத்தார் ஐயா, திருத்தியதற்கு நன்றி. நான் என் மச்சான் கதையை வைத்துச் சொல்லிவிட்டேன். அவன் 23ஆவது மாதத்தில் வந்தவன்.

---

மாட்டுத்தாவணி | 2023 ஜூன் 22, இரவு 10:15

சாமான் வந்து சேர்ந்தது. 18ஆம் தேதி இரவு பஸ் ஏறி, மறுநாள் காலை நேரில் போனேன். "2 லட்சப் படியில் போடுங்கள்" என்று சொன்னதும் ஏஜென்ட் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "அப்படியும் போடலாம் சார்" என்றார்.

டிவியை 25,000, ஃப்ரிட்ஜை 15,000 என்று மதிப்பிட்டார்கள். டூட்டி 9,625 + 5,775 = 15,400 ரூபாய். மிச்சச் சாமான் மொத்தம் 1,60,000க்குள் அடங்கியது, அதற்கு வரி இல்லை. மனு எதுவும் போடவில்லை. கிடங்குக்கும் ஏஜென்ட்டுக்குமாக 38,200 ரூபாய், எல்லாம் ரசீதோடு. சிங்கப்பூரில் கட்டியது தனி. "வீடு வரை" என்று அங்கே பேசிய விலையில் சென்னைச் செலவு சேரவில்லை என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அனுப்பப் போகிறவர்கள் இதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

நான்கு பெட்டி பிரித்தார்கள். அறிவித்திருந்த ட்ரோனை எடுத்துக்கொண்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் பையனிடம் காட்டினேன், மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஃப்ரிட்ஜின் உள் கண்ணாடித் தட்டு இரண்டும் நொறுங்கிப்போயிருக்கிறது. இந்த மாடலுக்கு மதுரையிலோ சென்னையிலோ தட்டு கிடைக்குமா, இல்லை கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டிக்கொள்ளலாமா?

---

ஜுராங்_அக்கா | இரவு 10:52

வெட்டிக்கொள்ளலாம் தம்பி. சாதாரணக் கண்ணாடி வேண்டாம், டஃபன்டு என்று கேளுங்கள். ஓரத்து பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது தனியாகக் கிடைக்காது.