புதுப்பிப்பு: அம்மாயிக்குப் புண் ஆறிவருகிறது
படுக்கையிலிருக்கும் அம்மாயிக்கு டயபர் போடும் இடமெல்லாம் சிவந்து எரிகிறது, என்ன பூசலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போது பெரும்பாலும் ஆறிவிட்டது.

சிங்க் ஆக்சைடு கிரீம் மட்டும் போதவில்லை. தொடையிடுக்கில் சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தன. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்ததும் பூஞ்சைத் தொற்று என்று சொல்லி க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கான கிரீம் கொடுத்தார்கள். அதை மெல்லிசாகப் பூசி, மேலே சிங்க் கிரீமைத் தடிப்பாக வைக்கிறேன். மாற்றும்போது அழுக்கான மேல்படையை மட்டும் துடைத்தால் போதும். முழுக்கத் தேய்த்து எடுத்ததுதான் நான் செய்த தவறு.

அப்புறம் ஈரம். இலங்கை மலையகத்து ஹட்டன் மழையில் எதுதான் காய்கிறது? வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய சீத்தைத் துணியால் (மெல்லிய பருத்தித் துணி) ஒற்றி, 10 நிமிஷம் காற்றாட விடுகிறேன். அப்போது குளிருக்கு மேலுடம்பில் மட்டும் கம்பளி. பவுடர் போடுவதை விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி முனகாமல் தூங்கினார்.